நான் திருத்திய உன் கடிதம்

போன செவ்வாய்க்கிழமை மாங்குளம் சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடையில் நின்றேன். தரம் எட்டுக்கான தவணைப் பரீட்சைத் தாளை நாற்பது பிரதி எடுக்க வேண்டியிருந்தது. மெஷின் காலையிலிருந்தே ஓடியிருக்க வேண்டும். சூடான மையின் மணம் கடை முழுக்க நின்றது. எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவள் "காணி..." என்று தொடங்கியதுமே கடைக்காரி மேசை லாச்சியை இழுத்து, மூலை மடிந்த ஒரு தாளை எடுத்து, ஒரு பிரதி அடித்து நீட்டினாள்.

"பேரையும் ஊரையும் மட்டும் மாத்துங்கோ. மிச்சமெல்லாம் இருக்கிறபடியே பாத்து எழுதுங்கோ. இது திறமான இங்கிலிஸ். ஒரு டீச்சர் எழுதினது."

எட்டிப் பார்த்தேன். அது நான் எழுதியது. சரியாகச் சொன்னால், நீ எழுதியதை நான் திருத்தியது.

என் கையெழுத்து அதில் இல்லை. எத்தனை பேர் பார்த்துப் பார்த்து எழுதி, எத்தனை கை மாறி அந்த லாச்சிக்கு வந்ததோ. 'சேர்' என்று விளித்த சொல்லுக்குப் பக்கத்தில் நான் வைத்த காற்புள்ளி விழுந்துபோயிருந்தது. கடைசியில் 'உண்மையுள்ள' என்று முடியும் இடத்தில், தேவையில்லாமல் எழுத்துக்கு மேலே ஒரு கொக்கி, அந்த அபொஸ்ட்ரபி, தொங்கியது. ஒரு காணி பல காணிகளாகியிருந்தது. பழக்கதோஷம், நின்ற நிலையிலேயே எண்ணினேன். பதினொரு பிழை. ஆனால் நடுவிலிருந்த அந்த ஒரு வரி மட்டும் ஒரு எழுத்துக்கூடக் கெடாமல் அப்படியே இருந்தது: 'என் கணவர் காலமான நாள் தொடக்கம்' என்ற வரி.

"உம்மட மனிசன் எங்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"வெளியில, சைக்கிளோட நிக்கிறார்."

"அப்ப இந்த வரியை எழுதாதையும். மனிசன் செத்துப்போனதெண்டு இதில கிடக்கு."

அவள் திடுக்கிட்டுக் கடைக்காரியைப் பார்த்தாள். கடைக்காரிக்கு என் கதை பிடிக்கவில்லை. "அதை எடுத்தா கடிதம் வடிவாயிராது டீச்சர்" என்றாள். இராணுவ முகாமின் வேலியைக் கழற்றிவிட்டார்களாம், அடுத்த கிழமை திரும்பவும் காணி விசாரணையாம். அதனால்தான் கடிதத்துக்கு இவ்வளவு கிராக்கி. அந்தப் பெண் தாளை மடித்துக் குழந்தையின் துவாய்க்குள் செருகிக்கொண்டு போனாள். வீட்டில் போய் அந்த வரியையும் சேர்த்தே எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நல்ல ஆங்கிலத்தின் மேல் எங்கள் சனத்துக்கு இருக்கிற பயபக்தி அப்படி. அதை வளர்த்துவிட்டவர்களில் நானும் ஒருத்தி.

நீ இருந்திருந்தால் அந்தக் கடை வாசலிலேயே குந்திச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது பிரதியையும் எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாம் முதலில் கதைத்தது செட்டிகுளம் அகதி முகாமில். உன் கூடாரமும் என் கூடாரமும் ஒரே வரிசை. நான் அப்போதே பதினைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். நீ தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உன் அப்பா மலையில் துரை பங்களாக் குசினியில் வேலை செய்தவர். அவர் வாயிலிருந்து விழுந்த ஆங்கிலத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி வைத்திருந்தாய். கலவரத்தில் மலையிலிருந்து அடித்து விரட்டியபோது வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் உன்னுடையதும் ஒன்று. பத்து வயதில் வந்தவள் என்பதால் உன் பேச்சு 'ஆமா' என்று தொடங்கி 'ஓம்' என்று முடியும்.

அன்று வெளிநாட்டுக்காரர் சிலர் முகாமைப் பார்க்க வந்தார்கள். இரண்டு நாளாக எங்கள் பகுதிக்குத் தண்ணீர் இல்லை. தண்ணீர்ப் பவுசர் வரும், நிற்காமல் போய்விடும். எல்லோரும் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். நான் வசனத்தை வாய்க்குள் அடுக்கிப் பார்த்தேன். இறந்தகாலமா, நிகழ்காலமா, பவுசருக்கு முன்னால் என்ன சொல் வைப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நீ என்னை விலக்கிக்கொண்டு போய் அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்தாய்.

"மேடம், வீ பீப்பிள் டூ டே நோ வாட்டர். பவுசர் கமிங். பவுசர் நொட் ஸ்டொப்பிங். சில்ட்ரன் க்ரையிங், மேடம்."

அந்தப் பெண் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினாள். என் வசனம் தயாரானபோது அவர்களுடைய வாகனத்தின் கதவு மூடியாகிவிட்டது. மறுநாள் காலை பவுசர் எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும், நீ மறந்திருக்க மாட்டாய். தண்ணீர் பிடிக்க நின்ற வரிசையில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "'வீ பீப்பிள்' எண்டு சொல்லுறேல்லை. 'வீ' எண்டாலே காணும். மற்றது, 'டூ டேய்ஸ்' எண்டு பன்மையில வரவேணும்." பெண்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "தண்ணி வந்துச்சில்ல டீச்சர்?" என்று மட்டும் கேட்டாய். நீ பிழையை மழுப்புகிறாய் என்று அன்றைக்கு நினைத்தேன். எவ்வளவு பெரிய மண்டைக்கனம் எனக்கு.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நீ என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் ஊர் முறைப்படி நான் உன்னை அக்கா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. முதல் நாளே 'நீ' என்றேன். நீ முதல் நாளே 'நீங்க, டீச்சர்' என்றாய். மலையிலிருந்து வந்தவர்களை 'நீ' என்று கூப்பிடப் பழகிய வீட்டில் வளர்ந்தவள் நான். இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்த மடலில் மட்டும் 'நீங்கள்' என்று மாற்றினால் அது வெறும் நடிப்பு. அதனால் பழையபடியே எழுதுகிறேன்.

மீள்குடியேற்றம் என்று சொல்லி எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். என் வீட்டுக்குக் கூரை மட்டும் இல்லை. உனக்கோ காணியே இல்லை, அது இராணுவ முகாமின் வேலிக்குள் போயிருந்தது. உன் மனிசன் கடைசி யுத்தத்தில் போய்விட்டார். தெருவோரம் தகரம் போட்டு, சின்னப் பிள்ளையோடு குந்தினாய். சந்தைக்குப் போகும் நாட்களில் ஒன்றாகப் பஸ் ஏறுவோம். ஏ-ஒன்பது வீதி முழுக்கப் புதுக்கடைகள், புதுப் பலகைகள். அவற்றில் ஆங்கிலப் பிழை பிடிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. முடிதிருத்தும் கடைப் பலகையில் ஒரு 'ஓ' கூடுதல். குளிர்பானக் கடையில் பன்மைக்கு முன்னால் ஒரு கொக்கி. வரவேற்பு வளைவில் ஒரு 'எல்' அதிகம். பாடசாலைக் கூட்டத்தில் அதிபரே 'டிஸ்கஸ் அபௌட்' என்பார், 'ரிட்டர்ன் பாக்' என்பார். நான் பக்கத்திலிருப்பவரைக் கையால் இடிப்பேன்.

"அந்தக் கொக்கியப் புடுங்கிட்டுப் போய் இன்னிக்கு என்ன கறி வைக்கப் போறீங்க டீச்சர்?" என்று கேட்பாய்.

"பகிடி விடாதை. பிழை எண்டா பிழைதான்."

"கடைக்காரன் நிறுத்துப் போடுறது சரியா இருந்தா எனக்குப் போதும்" என்பாய்.

நீ இப்போது கேட்கமாட்டாய் என்பதால் ஒப்புக்கொள்கிறேன். பிழை கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது. வீடு போய், நகை போய், தம்பி போய், ஒன்றுமில்லாதவளாக வந்து நின்றவளுக்கு, மற்றவனின் பலகையில் பிழை இருக்கிறது என்று சொல்லும் தகுதி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்களின் மேல்தான் அதைப் பாவித்தேன்.

அந்த நாட்களில்தான் காணிக் கடிதங்கள் தொடங்கின. விசாரிக்க வருகிற பெரியவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் எழுதினால் மொழிபெயர்க்கிற மேசையில் தூங்கும், ஆங்கிலத்தில் எழுதினால் நேரே மேலே போகும் என்று ஊரெல்லாம் ஒரே கதை. சொந்தக் காணியைச் சொந்த மொழியில் கேட்க ஏலாத சனம் நாங்கள். உங்கள் குடியேற்றத்தில் ஆங்கிலம் என்று வாயைத் திறக்கக்கூடியவள் நீ ஒருத்திதான். உன் தகரக் கொட்டிலுக்கு ஆட்கள் வந்தார்கள். ராக்கம்மா அக்கா முதலில் வந்தவர். அவர் தன் காணியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நீ அதை அப்படியே உன் ஆங்கிலத்தில் இறக்கினாய்.

அந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினாய். பஸ் தரிப்பிடத்து வாங்கில் குந்தியிருந்தபடி நான் அதைச் சத்தமாக வாசித்தேன். 'திஸ் லேடி வெரி குட் லேடி. நோ லையிங் லேடி.' எனக்குக் கண்ணீர் வரும்வரை சிரிப்பு. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ அந்தத் தாளை என் கையிலிருந்து மெல்ல இழுத்து மடித்துக்கொண்டாய். அன்று நீ சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், கவனித்தும் நிறுத்தவில்லை.

அடுத்த கிழமை உன் சொந்தக் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாய்.

"டீச்சர், என்னோடத மட்டும் சரியா எழுதிக் குடுத்துடுங்க. ஆபீஸ்ல யாரும் சிரிக்கக் கூடாது."

இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். மேல்மூலையில் கிராம சேவகரான விதானையாரின் முத்திரையும் திகதியும் இருந்தன. முதலில் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாய். அவர் வாசித்தாரோ இல்லையோ, முத்திரையைக் குத்திவிட்டார். நான் சிவப்புப் பேனையை எடுத்தேன்.

உன் கடிதத்தில் ஒரு கிணறு இருந்தது. எத்தனை வளையம் இறக்கியது, எந்த வளையம் உடைந்து பிறகு பூசியது என்று எழுதியிருந்தாய். கிணற்றடிச் சீமெந்து காய முன்னம் உன் பிள்ளை ஓடிப்போய் மிதித்ததை, 'மை டோட்டர் லெக் இன் சிமெண்ட், ஸ்மோல் லெக், ரைட்' என்று எழுதியிருந்தாய். இரண்டு பலா மரம். ஒன்று காய்க்கும், மற்றது 'ஒன்லி லீஃப்'. வடக்கு எல்லையில் பழைய உழவு மெஷினின் ஒரு சில்லு, பாதி புதைந்து கிடக்கிறது. உன் அப்பா மலையிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த தேயிலைக் கன்று ஒன்று, கிணற்றடி ஈரத்தில் நிற்கிறது. 'ஒன் டீ ட்ரீ. நொட் க்ரோயிங். நொட் டையிங்.'

பாதத்துக்குக் கால் என்று எழுதியிருக்கிறாயே என்று முதலில் அந்தச் சொல்லை வட்டமிட்டேன். பிறகு வரியை முழுதாகவே வெட்டினேன். பலாவை வெட்டினேன். உழவு மெஷின் சில்லை வெட்டினேன். தேயிலைக் கன்றுக்குப் பக்கத்தில் 'தேவையற்றது' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு பக்கமும் முடிந்தபோது தாளில் நீலத்தைவிடச் சிவப்புத்தான் கூட. பிறகு புதுத்தாளில் அரைப் பக்கத்துக்கு, பிசிறில்லாத ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு ஒரு பிள்ளை, என் கணவர் காலமான நாள் தொடக்கம் வருமானம் இல்லை, எனது காணியை விடுவித்துத் தருமாறு தங்களைத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். ஒவ்வொரு காற்புள்ளியும் அதனதன் இடத்தில்.

நான் வாசித்துக் காட்டினேன். நீ தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"கெணறு எங்க டீச்சர்?"

"உத்தியோகக் கடிதத்தில உதுகள் எழுதுறேல்லை."

"அப்ப அது என் காணின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுத்து நல்லா இருந்தா மதிப்பினம். நான் சொல்லுறன், நம்பு."

நீ நம்பினாய். "அந்தப் பழசக் கிழிச்சுப் போட்டுடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, புதுக்கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனாய். நான் கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கவில்லை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மறுநாள் ஆசிரியர் அறையில் காட்டிச் சிரிப்பதற்காக வைத்திருந்தேன். காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். 'நொட் க்ரோயிங், நொட் டையிங்' என்பது எங்கள் பாடசாலையில் ஒரு தவணை முழுக்க ஓடிய பகிடி. சம்பள உயர்வைப் பற்றிக் கேட்டாலும் யாராவது அதைத்தான் சொல்வார்கள்.

பிறகு நடந்தது எனக்குத் தெரியாமலே நடந்தது. உன்னிடம் திறமான கடிதம் ஒன்று இருக்கிறது என்று குடியேற்றம் முழுக்கப் பரவியது. ஒரு வீட்டில் ஒருவருக்கு ஒன்று சரிவந்தால் மற்ற வீடெல்லாம் அதையே செய்வதுதானே எங்கள் வழக்கம். படிவம் நிரப்புவதென்றாலும் அப்படித்தான், முன்னால் போனவர் எழுதியதைப் பார்த்துப் பின்னால் வருபவர் எழுதுவார். கடிதம் வீடுவீடாகப் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொப்பித்தாளில் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். பெயரை மாற்றினார்கள், ஊரை மாற்றினார்கள். மற்றது எதையும் தொடப் பயந்தார்கள். டீச்சர் எழுதியது, ஒரு சொல் கூடிக் குறைந்தால் பழுதாகிவிடும் என்று நினைத்தார்கள். ராக்கம்மா அக்கா மட்டும் கேட்கவில்லை. "என் கடிதாசிய நான் போட்டாச்சு, திரும்பத் திரும்பப் போட்டா சாமிக்கே கோவம் வரும்" என்றாராம்.

விசாரணை நாளில் நானும் வந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், என் கடிதத்துக்குக் கிடைக்கப்போகும் மரியாதையைப் பார்க்கத்தான் வந்தேன். கொட்டகைக்குள் நாலைந்து மேசை. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். உங்கள் குடியேற்றத்து மாரிமுத்து அண்ணனின் மனைவியைக் கூப்பிட்டபோது மாரிமுத்து அண்ணனும் எழும்பி, கையில் தொப்பியோடு கூடவே போனார். அதிகாரி கடிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இவர் யார்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"என் வீட்டுக்காரருங்க."

"உங்கட கடிதத்தில இவர் காலமாகிவிட்டார் எண்டு இருக்குதே?"

மாரிமுத்து அண்ணன் தொப்பியை மற்றக் கைக்கு மாற்றினார். "நான் இருக்கேனுங்க ஐயா" என்றார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த கடிதத்தை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். பிறகு அவர் சிரிக்கவில்லை. ஒரே மாதிரி இருந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கட்டி, ஓரமாகத் தள்ளிவிட்டார். ஒரே ஆள் இருந்து எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார், இவர்களுக்கு அங்கே காணி இருந்ததா என்பதே சந்தேகம் என்று அவர் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார்.

உன் கடிதமும் அந்தக் கட்டுக்குள் இருந்தது. அதில் எழுதியிருந்த ஒவ்வொரு சொல்லும் உன் விசயத்தில் உண்மை. நீ எழும்பிப் போய், "சார், மை ஹஸ்பண்ட் ட்ரூ டெட், சார்" என்றாய். அவர் நிமிரவில்லை. நான் அந்தக் கொட்டகையில்தான் நின்றேன். பதினைந்து வருட ஆங்கிலத்தோடு, உன்னிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நான்தான் எழுதியது என்று சொன்னால் என் வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம்.

கட்டுக்குள் போகாமல் தப்பியது ராக்கம்மா அக்காவின் கடிதம் ஒன்றுதான். அது மற்றதைப்போல இருக்கவில்லை. அதில் ஒரு வளைந்த பனை, கிணற்றுக்குள் இறங்க மூன்று படி, ஒரு பாம்புப் புற்று. ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். பனை இருந்தது, படி இருந்தது, புற்றும் இருந்தது. நாலு மாதத்தில் அவருக்குக் காணி வந்துவிட்டது. நீ எழுதி, நான் வாசித்துச் சிரித்த அதே கடிதம்.

அன்றைக்கும் ஒன்றாகத்தான் பஸ் ஏறித் திரும்பி வந்தோம். இறங்கும் இடம் வந்ததும் நீ எழும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்: "தோத்தாலும் நல்ல இங்கிலீஸ்லதானே தோத்தோம், டீச்சர்."

பகிடியாகச் சொன்னாயா, குத்திச் சொன்னாயா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நீ அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நீ எப்போதும்போல என் வீட்டுக்கு வந்தாய், எப்போதும்போலக் கதிரையில் இருக்காமல் குசினிப்படியில் இருந்தாய், தேத்தண்ணீர் குடித்தாய். சிறுநீரகம் பழுதென்று வவுனியாவுக்கு ஏறி இறங்கிய காலத்திலும், ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருந்ததை என்னிடம்தான் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாய். தகரக் கொட்டிலிலிருந்தே உன் பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு முன்னம் கிணற்றடியில் குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள். அதற்கும் அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து வந்து அலுமாரியைத் திறந்தேன். பழைய புள்ளிப் பதிவேடுகளுக்கு அடியில் உன் இரண்டு பக்கமும் இருந்தன. எனக்கு எல்லாம் விளங்கியது, விளங்காத மாதிரி இருக்க முடியவில்லை. வேலி போய்விட்டது. உள்ளே எல்லைகள் எல்லாவற்றையும் தள்ளிச் சமப்படுத்தியாகிவிட்டதாம். கிணறுகள் மட்டும் ஆங்காங்கே நிற்கின்றனவாம். உன் மகள் அந்தக் காணியை விட்டு வெளியேறியபோது அவளுக்கு மூன்று வயது. அவளிடம் பத்திரம் இல்லை, ஞாபகமும் இல்லை. எந்தக் கிணறு தன்னுடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லக்கூடிய ஒரே தாள், விதானையாரின் முத்திரையோடும் பழைய திகதியோடும், என் அலுமாரியில் கிடந்திருக்கிறது. அதைக் கொடுத்தால் அந்தச் சிவப்பையும் கொடுக்க வேண்டும்.

நாலு நாள் கொடுக்கவில்லை. வெள்ளைத்தாளில் உன் எழுத்தைப்போல எழுதிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். முத்திரையை என்ன செய்வது என்பதில்தான் அந்த யோசனை நின்றது, மனச்சாட்சியில் இல்லை.

நேற்றுப் பின்னேரம் உன் மகளைக் கூப்பிட்டு அனுப்பினேன். தையல் தொழிற்சாலையில் வேலை முடிந்து, அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அப்படியே வந்தாள். உன்னைவிட உயரம். கதிரையைக் காட்டினேன், தயங்காமல் இருந்தாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. தாளைக் கொடுத்தேன்.

அவள் மெதுவாக வாசித்தாள். சிவப்புக்கு அடியில் இருப்பதைப் பார்க்கத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். கிணற்றடி வரி வந்ததும் நின்றாள். குனிந்து, வலக்காலைச் செருப்பிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் தாங்க முடியவில்லை.

"அம்மாவே இவ்வளவும் எழுதினவா?"

"ஓம்."

"ஆர் வெட்டினது?"

"நான்தான்."

அவள் தலையை ஆட்டினாள். ஏற்கெனவே தெரிந்திருந்ததோ, அப்போதுதான் தெரிந்ததோ, அந்தத் தலையாட்டலில் இருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

"இந்தச் சிவப்பை எடுக்க ஏலுமே டீச்சர்?"

"ஏலாது, பிள்ளை."

"சரி. இப்பிடியே குடுக்கிறன்."

"நானும் விசாரணைக்கு வாறன்" என்றேன். "நான்தான் வெட்டினதெண்டு அவைக்கு விளங்கப்படுத்துறன். இங்கிலிஸிலயே சொல்லுறன்."

அவள் தாளை மடித்து அடையாள அட்டை உறைக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள். சொல்வதா விடுவதா என்று அவள் யோசித்தது எனக்குத் தெரிந்தது.

"வேண்டாம் டீச்சர். நீங்கள் வந்தா, திரும்பவும் நீங்கள்தான் கதைப்பியள்."

மரியாதையாகத்தான் சொன்னாள். எழும்பிப் படலையடிக்குப் போய்ச் சைக்கிளை எடுத்தாள். திங்கட்கிழமை விசாரணை. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, அவள் வந்து சொல்வாளோ என்றும் தெரியாது. உன் கடிதம் இனி என்னிடம் இல்லை. உன் மகள் சொன்ன அந்த ஒரு வசனம்தான் என்னிடம் இருக்கிறது. நேற்றிரவிலிருந்து அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். அதில் நான் கை வைக்கவில்லை.